துணி போர்த்திய விமானத்தில் தரைப் பலகை மாற்றுவது: காசிமேட்டுப் பட்டறையிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் குடும்பத்துக்குக் காசிமேட்டில் படகுகளுக்கு மரவேலை செய்யும் பட்டறை இருக்கிறது. அரிசோனாவில் இருக்கும் தாய்மாமா 1946-ல் செய்த பைப்பர் ஜே-3 கப் என்ற இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதற்கு முன்பு அது பல வருஷம் புளோரிடாவில் கடலோரம் நின்ற வண்டி. உள்ளே தரைப் பலகைகள் உப்பி, ஓரங்கள் அடுக்கடுக்காகப் பிரிந்து, குதிகால் படும் இடத்தில் குழிந்துபோயிருக்கின்றனவாம். "அடுத்த மாதம் போகிறேன், மாமா அனுப்பிய அளவை வைத்து நாங்கள் படகுக்கு வாங்கும் மரைன் பிளையிலேயே வெட்டி, வார்னிஷ் அடித்து எடுத்துப் போய் மாட்டிவிடலாமா, அரை நாள் வேலைதானே?" என்பது கேள்வி.

மரவேலை மட்டும் என்றால் அரை நாள்தான், உங்கள் கைக்கு அதுகூட ஆகாது. ஆனால் தம்பி, அந்தப் பலகையைத் தரை என்று நினைப்பதை முதலில் விடுங்கள். அது ஒரு மூடி. அதற்கு அடியில்தான் விமானத்தைத் திருப்புகிற, ஏற்றி இறக்குகிற கம்பிகளும் தண்டுகளும் ஓடுகின்றன, அதற்கும் அடியில் வெறும் துணி. மூடியைச் செய்வது சுலபம். மூடியைத் திறந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் உள்ளே என்ன பார்த்தீர்கள், எதை விட்டுவிட்டு மூடினீர்கள் என்பதில்தான் மாமாவின் உயிர் இருக்கிறது. நான் திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ரயில் மாறிப் போய் ஹேங்கரில் வேலை கற்றுக்கொண்டவன், கற்றதில் பாதி புஷ்பக் விமானங்களின் வயிற்றுக்குள் தலையை விட்டுக் கற்றது. புஷ்பக் நம் ஊர் வண்டி, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தது, 1958-ல் முதலில் பறந்தது, 90 குதிரைத்திறன் எஞ்சின், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். கப்பில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். மற்றபடி இரண்டும் ஒரே சாதி: எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்த கூடு, அதன் மேல் துணி.

உங்கள் படகில் அடித்தளப் பலகை பாரம் தாங்குகிறது. கப்பில் அப்படி இல்லை, பாரம் முழுவதும் குழாய்க் கூட்டின் மேல், இருக்கையும் கூட்டின் மேல்தான். பலகை தாங்குவது காலை மட்டும். அதனால் "கொஞ்சம் கெட்டியாகப் போட்டுவிடலாம்" என்கிற படகுக்கார யோசனை இங்கே கெடுதல் மட்டுமே செய்யும். முதல் கெடுதல் எடை. ஒரு சதுர மீட்டர் பிர்ச் பிளை 6 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 4 கிலோ வரும், 9 மி.மீ. போட்டால் 6 கிலோ. ஜே-3 கப்பின் வெற்று எடையே சுமார் 347 கிலோ, ஆளும் பெட்ரோலும் எல்லாம் சேர்த்து 553 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அந்த 200 கிலோவில் இரண்டு பேர் உட்கார்ந்து எரிபொருளும் ஊற்றியாக வேண்டும், அதில் ஒரு கிலோ வீணாய்ப் போனாலும் உறைக்கும். இரண்டாவது கெடுதலை நிறைய பேர் யோசிப்பதில்லை. கப்பில் பிரேக்கைக் குதிகாலால் அழுத்த வேண்டும். பலகை 3 மி.மீ. உயர்ந்தால் குதிகால் உட்காரும் இடமும் 3 மி.மீ. உயரும், பெடல் முழுதாக இறங்க இடம் போதாமல் போகலாம், ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டப் பிடிக்கும் கைத்தண்டை, சுற்றியுள்ள இடைவெளியும் மாறும். ஆகவே பழைய கனம் எதுவோ அதேதான். உப்பிப்போன ஓரத்தில் அளக்காதீர்கள், தண்ணீர் படாத நடுப்பகுதியில் வெர்னியர் வைத்து நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். மாமா டேப் வைத்து எடுத்து அனுப்பிய அளவை நம்பி இங்கே எதையும் வெட்டவே வேண்டாம்.

சரி, மரைன் பிளை. நம் ஊரில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையோடு வருவது நல்ல சரக்குதான், அதன் பசை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரைத் தாங்க வேண்டும் என்பது விதி. தண்ணீரைப் பொறுத்தவரை அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முத்திரை விமானத்துக்கான முத்திரை இல்லை. உள்ளடுக்கில் என்ன மரம், எங்கே இடைவெளி, எங்கே முடிச்சு என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், நீங்களே எத்தனை ஷீட்டில் நடுவில் பொந்து பார்த்திருப்பீர்கள். அதே கனத்தில் எடையும் அதிகமாக வரும். விமானத்துக்கென்று செய்யும் பிளை பெரும்பாலும் பிர்ச் அல்லது மகோகனி, அடுக்குகள் மெலிசு, எண்ணிக்கை அதிகம், ஒவ்வொரு ஷீட்டுக்கும் எந்தத் தர விதிப்படி செய்தது என்ற தாள் கூட வரும். அந்தத் தாள்தான் முக்கியம். கப் சான்றிதழ் பெற்ற வண்டி, அதில் மாட்டும் எதற்கும் பூர்வீகம் சொல்லத் தெரிய வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தன் சொந்த விமானத்துக்கான உதிரி பாகத்தை உரிமையாளர் தானே செய்துகொள்ள அவர்கள் விதி 21.9 இடம் தருகிறது. ஆனால் உரிமையாளர் பெயரளவுக்கு இருந்தால் போதாது, எந்தப் பொருள், எந்த அளவு, எப்படிச் செய்வது என்பதில் மாமாவின் கை இருக்க வேண்டும், பாகமும் மூலப் பாகத்தின் தரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்புறம் 43-ம் பகுதி விதிப்படி, உரிமம் இல்லாத ஒருவர், உரிமம் உள்ள மெக்கானிக் நேரில் மேற்பார்வை செய்தால் வேலை செய்யலாம். அந்த ஒருவர் நீங்கள். உள் அலங்கார வேலையை உரிமையாளரே செய்துகொள்ளலாம் என்று அதே விதிகளில் ஒரு வரி இருப்பதைக் காட்டி, மெக்கானிக்கே வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த வரியிலேயே, இயக்கும் அமைப்புகளில் குறுக்கிடாத வேலையாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஸ்டிக்கையும் பெடலையும் சுற்றிக் கழற்றுகிற வேலையை அப்படிச் சொல்ல என் மனசு ஒப்பாது. மாமாவை முதல் நாளே ஒரு மெக்கானிக்கைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள், பலகையைக் கழற்றிய பிறகு கூப்பிட்டால் எந்த நல்ல மெக்கானிக்கும் முகம் சுளிப்பார். கப்புக்கு ஆயத்தமாக வெட்டிய பலகைகளை அங்கீகாரத்தோடு விற்பவர்களும் அங்கே உண்டு. காசு கொஞ்சம் கூடுதல், தாள் வேலை குறைவு. உங்களுக்குக் கைவேலை தெரியும் என்பதால் செய்துகொள்வதையே நான் சொல்வேன், ஆனால் பிளையை அங்கேயே வாங்குங்கள், அங்கேயே வெட்டுங்கள். காசிமேட்டு உப்புக்காற்றில் ஈரம் குடித்துக் கிடந்த பலகையை அரிசோனா வறட்சிக்குக் கொண்டுபோனால் அது முறுக்கிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இனி கழற்றுவது. ஒரு ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் கைப்பேசியில் நிறையப் படம் எடுங்கள், ஒவ்வொரு பலகையின் மேலும் எண்ணும், எந்தப் பக்கம் மூக்கு என்ற அம்புக்குறியும் போடுங்கள். தரை ஒரே துண்டாக இருக்காது, ஸ்டிக்கையும் பெடலையும் சுற்றிக் கொண்டுவருவதற்காகவும் கதவு வழியாக நுழைவதற்காகவும் பல துண்டாக இருக்கும், எது எதன் மேல் ஏறி உட்காருகிறது என்பது கழற்றிய பிறகு மறந்துவிடும். ஸ்க்ரூ துருவேறி வர மறுத்தால் துருவுக்குள் ஊறி இறங்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். ஹீட் கன் வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருப்பது டோப் என்ற, துணியை இறுக்கிப் பிடிக்கும் பூச்சு பூசிய துணி, அதிலும் பழைய நைட்ரேட் டோப் என்றால் ஒரு பொறி போதும்.

முதல் பலகை வெளியே வந்ததும் அடுத்ததைக் கழற்றாதீர்கள். திறந்த இடத்தில் ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து வயிற்றுத் துணியின் மேல் விரியுங்கள். விழுகிற ஸ்க்ரூவை வேட்டி பிடித்துக்கொள்ளும், திருப்புளி தவறி விழுந்தால் துணி கிழியாமலும் காப்பாற்றும். கையையோ முழங்காலையோ அந்தத் துணியில் ஊன்றக் கூடாது, குழாயிலிருந்து குழாய்க்கு ஒரு பலகையைக் குறுக்கே வைத்து அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் வேலை.

ஸ்க்ரூக்களை எண்ணுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பயிற்சிக் கழகத்தின் புஷ்பக்கைச் சோதனைக்காகத் திறந்தோம், மூடும்போது தட்டில் ஒரு ஸ்க்ரூ குறைந்தது. கழகத்தில் மறுநாள் காலை பறப்பு போட்டிருந்தார்கள், பொறுப்பில் இருந்தவர் புதுசு ஒன்றைப் போட்டு மூடச் சொன்னார். எங்கள் சீனியர் சம்மதிக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தேடினோம். கடைசியில் அது இருந்த இடம் இருக்கைக்கும் பின்னால், எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை, அதன் கேபிள் திரும்பும் புல்லிக்கு ஒரு சாண் தள்ளி, துணி மடிப்புக்குள். மூக்கு மேலே தூக்கும்போது அது உருண்டு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து கழற்றுவதைப் பலகைவாரியாகத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, எண்ணிக்கையைக் கிண்ணத்தின் மேலேயே எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். காந்தம் வைத்துத் தேடலாம் என்று நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், முன்பு யாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டிருந்தால் அது பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது.

எல்லாம் திறந்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கேதான் நேரம் செலவு செய்ய வேண்டும். எழுபது எண்பது வருஷ மண், காய்ந்த புல், பேனா மூடி, எலி கட்டிய கூடு எல்லாம் இருக்கும். எலிக்கூடு இருந்தால் அது அசுத்தம் மட்டும் இல்லை, எலி மூத்திரம் எஃகை அரிக்கும், அந்த இடத்துக் குழாயைத் துடைத்துப் பார்க்காமல் விடக்கூடாது. பொதுவாகவே துரு பிடிப்பது கீழ்க்குழாய்களில்தான், பலகை குழாயின் மேல் உட்காரும் கோட்டில் ஈரம் மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் நிற்கும். உங்கள் கேள்வியில் பலகை உப்பியிருக்கிறது என்று படித்ததுமே எனக்குக் குழாய் ஞாபகம்தான் வந்தது. பலகை அத்தனை தண்ணீர் குடித்திருந்தால் அடியில் இருந்த எஃகும் அதே தண்ணீரில்தான் நின்றிருக்கிறது, அதுவும் புளோரிடாவின் உப்புக்காற்றில். பெயிண்ட் கொப்பளித்த இடத்தை மெல்லிய நார்ப்பட்டையால் தேய்த்துப் பாருங்கள், மேலோட்டமான துரு என்றால் சுத்தம் செய்து எபாக்ஸி பிரைமர் அடித்தால் போதும். குழிக்குழியாக அரித்திருந்தால் நீங்கள் கையை எடுத்துவிட வேண்டும். மெக்கானிக் கூர்முனையால் குத்திப் பார்ப்பார், உள்ளிருந்து அரித்த குழாய் வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டே உள்ளே காகிதமாக இருக்கும். அந்தக் குழாயை மாற்ற வேண்டுமென்றால் துணியைப் பிரித்து வெல்டிங் வரை போகும், மாமா அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளட்டும். பலகை கெட்டுப்போனதால்தான் இது கண்ணில் பட்டது என்று நல்லதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கேபிள்களைப் பழைய துணியால் உருவிப் பாருங்கள், இழை அறுந்திருந்தால் துணி மாட்டும். கை வைத்து உருவினால் விரல் கிழியும். புல்லி சுழல்கிறதா, கேபிள் எங்கேயாவது பலகையில் உரசிய தடம் இருக்கிறதா என்று பழைய பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், உரசல் இருந்தால் மரத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளம் பழைய பலகையே தப்பாக வெட்டப்பட்டது என்பதற்குச் சாட்சி, அதை அப்படியே படியெடுத்தால் தப்பையும் சேர்த்துப் படியெடுப்பீர்கள். வயிற்றின் அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் வளையம் வைத்துச் செய்திருப்பார்கள், மண் அடைத்திருந்தால் குச்சியால் எடுத்துவிடுங்கள். பலகை உப்பியதற்கு அந்த அடைப்பும் காரணமாக இருக்கலாம். கதவோரமாகவோ கண்ணாடி ஓரமாகவோ மழை ஒழுகுகிறதா என்றும் தேடிப் பாருங்கள், ஒழுகலை அடைக்காமல் புதுப் பலகை போட்டுப் பயன் இல்லை.

வெட்டும் வேலை உங்களுக்குத் தெரிந்தது, அதில் படகிலிருந்து மாறுபடுவதை மட்டும் சொல்கிறேன். பழைய பலகையை நேராகப் பிளையில் வைத்துக் கோடு போடாமல் முதலில் கெட்டி அட்டையில் வெட்டுங்கள், ஃபிரிட்ஜ் வந்த பெட்டி அட்டை போதும். அட்டையைக் குழாய்க் கூட்டில் வைத்து, ஸ்டிக்கையும் பெடலையும் எல்லாத் திசையிலும் கடைசி வரை தள்ளிப் பார்த்து, உரசும் இடத்தைக் கத்தியால் அரிந்து, திருப்தி வந்த பிறகு பிளைக்குப் போங்கள். மேலடுக்கின் இழை குழாயிலிருந்து குழாய்க்குப் போகிற திசையில் இருக்க வேண்டும், மெல்லிய பிளையில் திசை மாறினால் மிதிக்கும்போது தொய்வது காலுக்கே தெரியும். உள்மூலைகளைச் சதுரமாக வெட்டாதீர்கள், மூலையில் முதலில் ஒரு ஓட்டை போட்டு அதில் போய் முடியும்படி வெட்டினால் அங்கிருந்து விரிசல் கிளம்பாது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி விடுங்கள், வார்னிஷ் கனமும் அதில் அடங்க வேண்டும்.

ஓரம்தான் பிளையின் வாய். உப்பிய பழைய பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள், நடுவில் எதுவும் ஆகியிருக்காது, ஓரத்திலும் ஸ்க்ரூ ஓட்டையிலும்தான் தண்ணீர் புகுந்திருக்கும். முகத்தில் மூன்று கை அடித்தால் ஓரத்தில் ஐந்து கை. எல்லா ஓட்டைகளையும் வார்னிஷ் அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், ஓட்டையின் உள்சுவரைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு நனைத்து எடுங்கள். முதல் கை எபாக்ஸி வார்னிஷ் மெலிதாக, இழைக்குள் ஊறும்படி. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பை எடுத்துவிட்டு அடுத்த கை. அடிப்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம். வயிற்றுக்குள் நீராவி குளிரும்போது முதலில் நனைவது அந்த அடிப்பக்கம்தான், மேல்பக்கத்துக்குச் செய்த அத்தனையும் அதற்கும் செய்யுங்கள். வார்னிஷ் வேலையை விமானத்துக்கு வெளியே, தள்ளி வைத்து முடியுங்கள், கரைப்பான் துணியில் சிந்தினால் பூச்சு கரைந்து எழும்பும்.

மாட்டும்போது ஒரு விதியை மீறவே கூடாது: குழாயில் புது ஓட்டை போடக் கூடாது. ஒரு ஓட்டை அந்தக் குழாயின் பலத்தைக் குறைக்கும், ஈரத்துக்கு உள்ளே போக வாசலும் திறக்கும். குழாயில் வெல்டிங் செய்த பழைய காதுகள், அதாவது ஸ்க்ரூ மாட்டும் சின்னத் தகடுகள், இருக்கும், அவற்றிலேயே மாட்டுங்கள், காது உடைந்திருந்தால் ரப்பர் உறை வைத்த பட்டை கிளாம்ப்பைக் குழாயைச் சுற்றிப் போட்டு அதில் மாட்டலாம், அதையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு. பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் உரசல் தடுக்கும் டேப் ஒட்டுங்கள். கம்பளித் துணி, ஃபெல்ட் எல்லாம் வேண்டாம், அது ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். மர ஸ்க்ரூவை முறுக்கி இறக்குவது படகுக்குச் சரி, இங்கே விமான ஸ்க்ரூ, தலைக்கு அடியில் கிண்ண வாஷர், அடியில் தானாகக் கழலாத நட்டு. ஒரே ஒருவர் திருப்புளியோடு மேலிருந்து திறந்து மூட முடிய வேண்டும், வருஷா வருஷம் சோதனைக்கு அதைத் திறப்பார்கள். குதிகால் படும் இடத்தில் மெல்லிய அலுமினியத் தகடு வைக்கும் வழக்கம் உண்டு, அந்த இடம் குழிந்துபோனதாகச் சொன்னீர்களே, அதற்கு இதுவே மருந்து. தகட்டின் ஓரத்தை மழுக்கிவிடுங்கள், செருப்பு மாட்டக் கூடாது. முழுத் தரையையும் அலுமினியமாக மாற்றலாமே என்று மாமாவுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது வடிவ மாற்றம், தாள் வேலை வேறு, சத்தமும் தகரக் கொட்டகை மாதிரி வரும். கம்பளம் விரிக்கவும் நான் சொல்ல மாட்டேன். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், விழுந்த ஸ்க்ரூவை மறைக்கும்.

கழற்றிய பலகைகள் மொத்தமும் எவ்வளவு, புதுசு மொத்தமும் எவ்வளவு என்று தராசில் நிறுத்து எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். எடைக் கணக்கைத் திருத்த வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். பழைய பலகை தண்ணீர் குடித்திருந்தால் புதுசு குறைவாக வந்தாலும் ஆச்சரியம் இல்லை. அமெரிக்காவின் விமானத் துறை 1998-ல் வெளியிட்ட ஏசி 43.13-1பி என்ற கையேட்டில் மரம், துணி, கேபிள் மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்முறை இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும், விமானத்தில் போகும்போது படித்துக்கொண்டே போங்கள்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் கிண்ணங்களைப் பாருங்கள், எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று எழுதியதோடு ஒப்பிடுங்கள். வேட்டியை உருவிவிட்டீர்களா என்று பாருங்கள், அதை உள்ளேயே விட்டு மூடியவர்களும் உண்டு. பிறகு நீங்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து, பறக்கும்போது போடும் அதே செருப்போடு பலகையை அழுத்தி மிதித்தபடி, ஸ்டிக்கை நாலு மூலைக்கும், ரட்டர் பெடலை (வாலில் நிமிர்ந்து நிற்கும் திருப்பு பலகையின் பெடலை) இரண்டு பக்கத்துக்கும், பிரேக்கை அடி வரைக்கும் தள்ளிப் பாருங்கள். மிதிக்காமல் பார்த்தால் சுதந்திரமாக ஓடும் கேபிள், ஆள் எடையில் பலகை தொய்யும்போது உரசலாம். அதையே பின் இருக்கையில் மாமா செய்யட்டும், தனியாகப் பறக்கும்போது கப்பைப் பின் இருக்கையிலிருந்துதான் ஓட்டுவார்கள். வெளியே ஒருவர் நின்று, ஸ்டிக் இடது பக்கம் போகும்போது இடது இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகையான எய்லரான் மேலே போகிறதா, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழுகிறதா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் வேலையில் கை வைக்காதவராக இருந்தால் நல்லது. அதன் பிறகு மெக்கானிக் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

பலகையைத் திறந்ததும் கீழ்க்குழாய்களின் படத்தை இங்கே போடுங்கள் தம்பி, கிட்டத்தில், வெளிச்சம் வைத்து. துரு எந்த அளவுக்கு என்று நானும் பார்க்கிறேன்.